எண்ணெயில் கரைந்த முறுக்கு

தீபாவளிக்கு முதல் நாள் வெண்ணெய் தீர்ந்துவிட்டது. சரி, நெய்தான் இருக்கிறதே என்று அதே அளவு உருக்கி முறுக்கு மாவில் ஊற்றினேன். முதல் ஈடு எண்ணெயில் விழுந்ததுமே நுரை பொங்கி, முறுக்கு திரிதிரியாகப் பிரிந்து போனது. (அந்தத் தூள் மிக்சருக்குப் போனது வேறு கதை.)

வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர். நெய் கிட்டத்தட்ட முழுக்கக் கொழுப்பு. அதுதான் கூடிப்போயிருக்கிறது. மீதி மாவில் இரண்டு கைப்பிடி அரிசி மாவு கலந்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்தேன். அடுத்த ஈடு உடையவில்லை, கொஞ்சம் கடக்முடக்தான்.

இப்போதெல்லாம் வெண்ணெய் 4 கரண்டி என்றால் நெய் 3 கரண்டிக்குச் சற்று மேல். தண்ணீர் விடுமுன் மாவைப் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். எண்ணெய்ச்சட்டியை அப்புறம்தான் அடுப்பில் ஏற்றுகிறேன்.