டெங்குவில் சைட்டோகைன் புயல்: இளம் மருத்துவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் எங்கள் காய்ச்சல் வார்டு நிரம்பிவிடும். பயிற்சி மருத்துவர்கள் எழுதும் மருந்துச் சீட்டுகளைப் பார்க்கும்போது, நான் முதுநிலை படித்த காலத்தில் செய்த பிழைகளே திரும்ப வருவதைக் காண்கிறேன். ஆஸ்பிரின் கூடாது என்பது போன்ற எல்லோரும் அறிந்த செய்திகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

அழற்சியைக் கண்டதும் ஸ்டீராய்டு எழுதுவது

கொரோனா காலத்தில் டெக்ஸாமெத்தசோன் உயிர்களைக் காத்ததைக் கண்ட தலைமுறை, டெங்குவிலும் அதே சைட்டோகைன் புயல்தானே, அதாவது நோயெதிர்ப்புச் செல்கள் அழற்சிப் புரதங்களை (சைட்டோகைன்களை) அளவுமீறிச் சுரப்பதுதானே, என்று கேட்கிறது. கேள்வி நியாயமானதாகவே தோன்றும். இரண்டாம் முறை வேறொரு வகை டெங்கு வைரஸ் தாக்கும்போது, பழைய எதிர்ப்பொருள்கள் அதை அழிக்க இயலாமல், மோனோசைட்டுகள் என்னும் வெள்ளையணுக்களுக்குள் நுழைய வழி செய்து கொடுக்கின்றன. அச்செல்களும் டி செல்களும் டி.என்.எஃப் ஆல்ஃபா, இன்டர்லூகின்-6 போன்ற சைட்டோகைன்களைப் பெருமளவில் சுரக்க, இரத்தக் குழாய்ச் சுவர் தளர்ந்து இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா வெளியே கசிகிறது. ஆனால் கசிவுக்கு இது மட்டுமே காரணமன்று. வைரஸின் என்.எஸ்.1 புரதம் குழாயின் உட்பூச்சைத் தானாகவே குலைக்கிறது என்று 2015-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. வியட்நாமில் 225 இளம் நோயாளிகளைச் சேர்த்து, காய்ச்சலின் முதல் 72 மணி நேரத்திற்குள் ஒரு பகுதியினருக்குப் பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டையும் மற்றவர்களுக்குப் போலி மருந்தையும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. அவ்வளவு முன்னதாகக் கொடுத்தும் அதிர்ச்சிநிலை (இரத்த ஓட்டம் சரிந்துபோகும் ஷாக்) குறையவில்லை.

பயனில்லை என்பதோடு நின்றால் எனக்கு இவ்வளவு கோபம் வராது. என் பொறுப்பில் இருந்த கல்லூரி மாணவி ஒருத்திக்கு ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டிருந்தது. நான் ஸ்டீராய்டு ஊசி எழுதினேன். இரவு முழுவதும் கட்டிலில் தொங்கிய சிறுநீர் சேகரிப்புப் பை நன்றாக நிரம்பியதைக் கண்டு, உடலில் நீர்ச்சத்து போதுமான அளவில் இருக்கிறது என்று நிம்மதியடைந்தேன். விடியற்காலையில் செவிலியர் அக்கா, "டாக்டர், கை சில்லென்று இருக்கிறது, ஒரு முறை பாருங்கள்" என்று அழைத்தார். இரத்த அழுத்தம் 100/84, இரண்டு எண்களும் ஆபத்தான அளவுக்கு நெருங்கியிருந்தன; ஹீமாட்டோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் விழுக்காடு; பிளாஸ்மா கசிந்தால் ஏறும்) 38-லிருந்து 48-க்கு ஏறியிருந்தது; சர்க்கரை 310. ஸ்டீராய்டு ஏற்றிய சர்க்கரைதான் அந்தச் சிறுநீரை வெளியே இழுத்திருந்தது. சிறுநீர் குறைவது என்னும், அதிர்ச்சிநிலையை நமக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டிய அடையாளத்தை நானே அழித்திருந்தேன். அவள் பிழைத்தாள், ஆனாலும் அந்தப் பையைப் பார்த்து நான் அடைந்த நிம்மதி இன்றும் என்னை உறுத்துகிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரு வாரத்தைக் கடந்தும் காய்ச்சல் விடாமல், எல்லா இரத்த அணுக்களும் சரிந்து, ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) பல ஆயிரங்களைத் தொட்டால், நோயெதிர்ப்புச் செல்கள் கட்டுமீறி இரத்த அணுக்களையே அழிக்கும் எச்.எல்.எச் என்னும் வேறொரு சிக்கலை நினைக்க வேண்டும். அங்கே ஸ்டீராய்டுக்கு இடமுண்டு. அந்த முடிவை மூத்தவருடன் பேசி எடுங்கள்.

இன்டர்லூகின்-6 பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பது

முடிவு வருவதற்குள் கசிவு முடிந்துவிடும்.

அளவு கூடிய மூலக்கூறை எல்லாம் குற்றவாளி என்பது

அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூகின்-10-உம் கடுமையான டெங்குவில் உயர்ந்தே காணப்படுகிறது. தீயணைப்பு வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் அதுவே தீ வைத்தது என்று யாரும் சொல்வதில்லை.

தட்டணுக்களை மட்டும் துரத்துவது

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், எண்ணிக்கை 20,000 அல்லது அதற்கும் கீழே இருந்து இரத்தக்கசிவு இல்லாத பெரியவர்களுக்கு முன்கூட்டியே தட்டணு ஏற்றியும், பின்னர் வரும் இரத்தக்கசிவு குறையவில்லை. உறவினர்கள் எண்ணிக்கையைத்தான் கேட்பார்கள். நீங்கள் ஹீமாட்டோகிரிட்டைப் பாருங்கள்.

கசிவு நின்ற பின்னும் திரவம் ஏற்றுவது

கசிவு பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரம்தான் நீடிக்கும். பிறகு வெளியே போன நீர் தானாகவே குழாய்க்குள் திரும்புகிறது. அந்த நேரத்தில் நாம் ஏற்றும் ஒவ்வொரு பாட்டிலும் நுரையீரலில் போய்த் தேங்கக்கூடும். கசிவு தொடங்கிய மணியை நோயாளியின் தாளின் மேல் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதி வையுங்கள்; பணி மாறும்போது அடுத்தவர் முதலில் அதைப் படிக்கட்டும்.