பழைய காரில் எடை குறைந்த பிளைவீல் மாட்டுவது எப்படி?

பழைய காரில் எடை குறைக்க வேண்டுமா? முதலில் பிளைவீலை, அதாவது எஞ்சினின் பின்முனையில் சுழலும் கனமான வட்டத் தகட்டைப் பாருங்கள். கியர்பாக்ஸ் உறையையும், பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாப்டையும் அலுமினியத்துக்கு மாற்றலாம்தான். ஆனால் எஞ்சின் வேகத்திலேயே சுழல்வது பிளைவீல். அதில் குறையும் எடை ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடனே தெரியும்.

ஒரு கணக்கு போடுவோம். 28 செ.மீ. விட்டமுள்ள 10 கிலோ பிளைவீலுக்குப் பதில் 5.5 கிலோவில் ஒன்று. முதல் கியர் விகிதம் 3.6, பின் அச்சில் 4.1, டயரின் ஆரம் 29 செ.மீ. முதல் கியரில் காரிலிருந்து 110 கிலோவுக்கு மேல் இறக்கி வைத்தது போன்ற இழுவை கிடைக்கும். நேரடி விகிதமான (1:1) நாலாவது கியரிலோ ஒன்பது கிலோ அளவுதான் பலன். விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்குவதால் இந்த வித்தியாசம். நெடுஞ்சாலையில் நிதானமாக ஓட்டுபவருக்கு இந்த வேலை தேவையே இல்லை என்பது என் எண்ணம்.

வாங்கும்போது மொத்த எடையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். விளிம்பில் குறையும் எடைக்குத்தான் மதிப்பு அதிகம். ரிங் கியரின் (ஸ்டார்ட்டர் மோட்டார் பற்றும் விளிம்புப் பல்வளையம்) பல் எண்ணிக்கை, கிளட்ச் அளவு, போல்ட் துளைகள் மூன்றும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். சில எஞ்சின்களில் அதிர்வைச் சமன்செய்யும் பேலன்ஸ் எடை பிளைவீலிலேயே இருக்கும். செவ்ரோலே 454 அப்படிப்பட்டது. அதில் சாதாரண பிளைவீலை மாட்டினால் எஞ்சின் உதறித் தள்ளிவிடும்.

பழைய வார்ப்பிரும்பு பிளைவீலையே லேத்தில் கொடுத்துச் சீவி எடை குறைப்பவர்களும் உண்டு. நான் செய்ய மாட்டேன். 6000 ஆர்பிஎம்மில் அந்த விளிம்பு மணிக்கு 300 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. வெடித்தால் துண்டுகள் பறப்பது உங்கள் கால் பக்கம். புதிதாகச் செய்த ஸ்டீல் அல்லது அலுமினிய பிளைவீலே நல்லது. அலுமினியம் என்றால் கிளட்ச் உரசும் இடத்தில் இரும்புத் தகடு பதித்திருக்க வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். எஞ்சின் முன்னால், இழுவை பின் சக்கரத்தில் உள்ள கார் என்று வைத்துக்கொள்கிறேன்.

பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். காரை உறுதியான ஸ்டாண்டுகள் மேல் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. கியர்பாக்ஸ் ஆயிலை வடித்துவிட்டு, புரொப்பல்லர் ஷாப்டின் இரு முனைகளிலும் பெயிண்டால் அடையாளம் போட்டுக் கழற்றுங்கள். கியர் லீவர், ஸ்பீடோமீட்டர் கேபிள், கிளட்ச் இணைப்பு, ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் அடுத்தடுத்து வரும். எஞ்சினின் பின்பக்கத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்த பிறகே கியர்பாக்ஸ் தாங்கியைக் கழற்றுங்கள். கியர்பாக்ஸை நேராகப் பின்னுக்கு இழுங்கள். பாதி வழியில் அதைத் தொங்க விட்டால் கிளட்ச் பிளேட் வளைந்துவிடும்.

பழைய கிளட்ச் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். கிளட்ச் பிளேட்டை பிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் போல்ட்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பிளைவீல் சுழலாதபடி பூட்டிவிட்டு அதன் போல்ட்களை எடுங்கள். கடைசி போல்ட்டின்போது இன்னொருவர் பிடித்துக்கொள்ளட்டும். இவ்வளவு தூரம் திறந்த பிறகு கிராங்க் ஷாப்ட்டின் பின் ஆயில் சீல், பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றாமல் மூடுவது அசட்டுத்தனம்.

புதிய பிளைவீலில் தடவியிருக்கும் துரு தடுப்பு எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்து, புது போல்ட்களால், உங்கள் காரின் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு, எதிரெதிராக முறுக்குங்கள். அடுத்தது கிளட்ச் பிளேட். இதன் எந்தப் பக்கம் பிளைவீலைப் பார்க்க வேண்டும் என்று பொதுவாக அதிலேயே எழுதியிருக்கும். முதல் தடவை நான் அதைப் படிக்காமல் திருப்பி மாட்டினேன். எல்லாம் பூட்டிய பிறகு கிளட்ச் விடவே இல்லை. மறுபடி கியர்பாக்ஸை இறக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. பிளேட்டை அதற்கான கருவியால் நடுவில் நிறுத்திவிட்டு பிரஷர் பிளேட்டை இறுக்குங்கள்.

கியர்பாக்ஸ் உள்ளே போகவில்லையா? போல்ட்டை முறுக்கி இழுக்காதீர்கள். கடைசி கியரில் போட்டு, பின் முனையைக் கையால் மெல்லத் திருப்பினால் பற்கள் பொருந்தி உள்ளே போய்விடும். அப்புறம் ஆயில் ஊற்ற மறக்க வேண்டாம்.

ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது) எஞ்சின் கொஞ்சம் நடுங்கலாம். வேகத்தைச் சற்றே கூட்டி வையுங்கள். முதல் சில நாள் மேட்டில் கிளப்பும்போது வண்டி அணைந்து அணைந்து போகும். கூடுதலாகக் கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கக் கால் தானாகவே பழகிவிடும்.