கான்டெஸாவுக்கு க்ரூஸ் கண்ட்ரோல்: நான் மாட்டிய விதமும் மாட்டிக்கொண்ட இடமும்

மாதத்துக்கு இரண்டு முறையாவது மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் போய் வருகிறவன் நான். கப்பலூர் டோலைத் தாண்டினால் நாலுவழிச் சாலை, விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று நேராக இழுத்துக்கொண்டு போகும். வலது காலை ஆக்ஸிலரேட்டரில் ஒரே அழுத்தத்தில் வைத்திருப்பதுதான் வேலை. கோவில்பட்டி வருவதற்குள் கணுக்கால் கெஞ்ச ஆரம்பித்துவிடும். புது கார் வாங்கு என்று வீட்டில் சொன்னார்கள். நான் இருக்கிற காரிலேயே க்ரூஸ் கண்ட்ரோல் மாட்டிவிட்டேன், அதாவது ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காமலே ஒரே வேகத்தைப் பிடித்துவைக்கிற கருவி.

என்னுடையது 1.8 லிட்டர் இசுஸூ பெட்ரோல் இன்ஜின், ஐந்து கியர், கான்டெஸா கிளாஸிக். 1984-ல் அம்பாசடரின் இன்ஜினோடு வந்தபோது இந்தக் கார் உடம்பு பெருத்த பயில்வான் மூச்சு வாங்குகிற மாதிரித்தான் இருந்தது. இசுஸூ இன்ஜின் வந்த பிறகுதான் நம் ஊர் மசில் கார் என்ற பெயருக்குப் பொருத்தமானது. 2002-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். டீசல் கான்டெஸா வைத்திருப்பவர்கள் இதை அப்படியே செய்ய வேண்டாம். அதில் கார்புரேட்டரும் கிடையாது, இக்னிஷன் காயிலும் கிடையாது.

முதலில் சாமான்

கார்புரேட்டர் கார்களுக்கென்று வெளியே விற்கிற க்ரூஸ் கிட்டில் இரண்டு வகை உண்டு. இரண்டும் ஆக்ஸிலரேட்டருக்குப் பதிலாக த்ராட்டிலை இழுக்கும். ஒன்று இன்ஜினின் வாக்குவத்தில், அதாவது அது காற்றை உறிஞ்சும் விசையில் இழுப்பது, மற்றது சின்ன மோட்டார் வைத்த எலக்ட்ரிக் சர்வோ. கண்ணை மூடிக்கொண்டு எலக்ட்ரிக்கை எடுங்கள். வாக்குவம் வகைக்கு ரப்பர் ஹோஸ் வேண்டும். நம்ம ஊர் வெயிலில் பானட்டுக்குள் அது இரண்டு கோடை தாங்கினால் பெரிது. போதாததற்கு மேட்டில் ஏறும்போது, அதாவது இழுவை தேவைப்படுகிற நேரம் பார்த்து, வாக்குவம் குறையும். நான் வாங்கியது ரோஸ்ட்ரா கிட், அமெரிக்காவிலிருந்து வரவழைத்தேன். கூரியர் செலவையும் கஸ்டம்ஸ் வரியையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள். நான் போடவில்லை, பார்சல் வந்த அன்று வீட்டில் பேச்சு வாங்கினேன்.

ஆனால் கிட் வாங்குவதற்கு முன்னால் கார்புரேட்டரைப் பாருங்கள். த்ராட்டில் ஸ்பிண்டிலை, அதாவது த்ராட்டில் திறந்து மூடச் சுழலும் அச்சை, பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் கடகடவென்று ஆடுகிறதா? அப்படியானால் அந்த வழியாகக் காற்று திருடும், ஐடிலிங் நிற்காது, க்ரூஸும் நிற்காது. இதற்கான பார்ட்ஸைத் தேடித்தான் நான் அதிகம் அலைந்தேன். மதுரையில் ஒரு கடையில் கேட்டதற்கு, "கான்டெஸாவா? அதெல்லாம் போன ஜென்மம் தம்பி. சாம்பிள் கொண்டாந்திருக்கீங்களா?" என்றார் கவுண்டரில் இருந்த அண்ணன். கொண்டுபோகவில்லை. அன்றிலிருந்து பழைய பார்ட்டைத் துணியில் சுற்றிப் பையில் போடாமல் கடைக்குப் போவதில்லை. காயலாங்கடையில் காரின் பெயரைச் சொன்னால் இல்லை என்பார்கள். பார்ட்டைக் காட்டினால் "இதுவா?" என்று உள்ளே போய் வேறு ஏதோ வண்டியினுடையதை எடுத்து வருவார்கள், அது பொருந்தும்.

சென்னை போகிறவர்கள் புதுப்பேட்டையில் ஒரு நாள் ஒதுக்குங்கள். கல்கத்தாவில் ஆள் இருந்தால் மல்லிக் பஜாரில் தேடச் சொல்லுங்கள். கார் பிறந்த உத்தர்பாரா அந்தப் பக்கம்தானே, சரக்கு இன்னும் புழங்குகிறது. பிரிட்டனின் வாக்ஸால் கார்தான் இதற்கு மூலம் என்று படித்துவிட்டு இன்ஜின் பார்ட்ஸை அங்கே தேடாதீர்கள். உடம்புதான் அங்கிருந்து வந்தது, இந்த இன்ஜின் ஜப்பான்காரனுடையது.

சர்வோவும் கேபிளும்

சர்வோவை உட்கார வைக்க ஒரு எல் வடிவப் பிராக்கெட் வேண்டும். கப்பலூர் சிட்கோ பக்கம் ஒரு லேத் பட்டறையில் 3 மி.மீ. தகட்டில் அடித்துக் கொடுத்தார்கள். பாடியில் புது ஓட்டை போடாமல், ஏற்கெனவே இருக்கிற போல்ட்டிலேயே மாட்டினேன். பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம், 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போதும் தலைவலி இல்லை. கேபிள் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை விட்டுத் தள்ளியே போகட்டும். கூர்மையாக மடிக்க வேண்டாம்.

கேபிளின் நுனியை த்ராட்டில் லீவரில் மாட்ட மணிச் சங்கிலி கொடுப்பார்கள். கம்பி வைத்து நேராகக் கட்டிவிடாதீர்கள். நீங்கள் காலால் மிதிக்கும்போது சங்கிலி தொய்ந்து கொடுக்கும், சர்வோ குறுக்கே நிற்காது. ஐடிலிங்கில் அந்தச் சங்கிலியில் துளி தொய்வு இருக்க வேண்டும். சுத்தமாக விறைத்திருந்தால் ஐடிலிங் ஏறிவிடும், ரொம்பத் தொங்கினால் பட்டனை அமுக்கி வேகத்தை செட் செய்ததும் வேகம் கொஞ்சம் விழுந்துதான் பிடிக்கும். கூடவே த்ராட்டிலை மூட இரண்டாவதாக ஒரு ரிட்டர்ன் ஸ்பிரிங் போடுங்கள். பத்து இருபது ரூபாய்ச் சாமான். இருக்கிற ஸ்பிரிங் அறுந்த அன்று இது காப்பாற்றும்.

என்னை மூன்று வாரம் படுத்திய படி: வேகக் கணக்கு

காரின் வேகம் க்ரூஸ் யூனிட்டுக்குத் தெரிய வேண்டுமே. நம் காரில் கேபிள் வைத்த ஸ்பீடாமீட்டர். அதனால் கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்டில் காந்தத்தைக் கட்டி, பக்கத்தில் ஒரு சென்சார் வைக்கிறோம். ஷாஃப்ட் சுற்றச் சுற்றப் பல்ஸ் போகும். ஒரு மைலுக்கு எத்தனை பல்ஸ் என்பதை யூனிட்டில் இருக்கும் குட்டிக் குட்டி ஸ்விட்சுகளில் சொல்லிவைக்க வேண்டும்.

எதிரெதிரே இரண்டு காந்தம் கட்டுங்கள். ஒன்றே ஒன்று என்றால் ஷாஃப்ட் ஒரு பக்கம் கனத்து அதிரும். கியர்பாக்ஸ் பக்கத்து முனையில் கட்டுங்கள், பின் ஆக்ஸில் பக்கம் வேண்டாம். பள்ளத்தில் விழுந்து எழும்போது ஆக்ஸில் மேலும் கீழும் போகும், சென்சார் இடைவெளியும் மாறிக்கொண்டே இருக்கும்.

இப்போது கணக்கு. பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு. காரைத் தள்ளி டயர் ஒரு முழுச் சுற்று வந்ததும் தரையில் இன்னொரு கோடு. எனக்கு நடுவில் 1.88 மீட்டர் வந்தது. ஒரு மைல் 1609 மீட்டர். வகுத்தால் 856 சுற்று. இதை டிஃபரன்ஷியல் ரேஷியோவால், அதாவது வீல்கள் ஒரு சுற்று வர ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்ற எண்ணால் பெருக்கி, காந்த எண்ணிக்கையாலும் பெருக்க வேண்டும்.

ரேஷியோ தெரியவில்லை, எண்ணிப் பார்ப்போம் என்று ஒரு பக்கப் பின் வீலை மட்டும் ஜாக்கியில் தூக்கினேன். நியூட்ரல், முன் வீல்களுக்குக் கட்டை, ஸ்டாண்டு எல்லாம் சரிதான். வீலை ஒரு சுற்று சுற்றினேன், ஷாஃப்ட் இரண்டு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றியது. ரேஷியோ 1.95 என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். கொஞ்சம் யோசித்திருந்தாலே இவ்வளவு பெரிய காருக்கு இது வராது என்று தெரிந்திருக்கும். யோசிக்கவில்லை.

விளைவு, திருமங்கலம் தாண்டி 80-ல் செட் செய்தால் கார் ஊஞ்சல் ஆடியது. இழுக்கும், விடும், மறுபடி இழுக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா, "மாப்ள, இதுக்கு நீயே ஓட்டியிருக்கலாம்" என்றார். கார்புரேட்டரைச் சந்தேகப்பட்டேன், சங்கிலியை மாற்றினேன், சென்சிட்டிவிட்டி ஸ்விட்சையும் குறைத்துப் பார்த்தேன். துப்பு வேறொன்று இருந்தது: சாதாரணமாக 45, 50-க்குக் கீழே செட் ஆகாத யூனிட், 30-லேயே பிடித்துக்கொண்டது. அதாவது 30-ல் போகிற காரை 60-ல் போவதாக நினைத்துக்கொண்டிருந்தது. வேகம் இரண்டு கிலோமீட்டர் குறைந்தால் அதற்கு நாலாகத் தெரியும், பதறி இழுக்கும்.

எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். டீ கிளாஸைக் கீழே வைக்காமலே கேட்டார்: "ஒத்த வீலத் தூக்கிட்டுத்தான் சுத்துனீங்களா தம்பி? அப்ப ரெண்டு சுத்துல்ல சுத்தணும்."

அவ்வளவுதான் விஷயம். ஒரு வீல் தரையில் நின்றுகொண்டு மற்றது மட்டும் சுற்றினால், டிஃபரன்ஷியலுக்குள் பாதிதான் ஷாஃப்டுக்குப் போகும். தூக்கிய வீலை இரண்டு முழுச் சுற்று சுற்றி, ஷாஃப்டின் சுற்றை எண்ணுங்கள். அதுதான் ரேஷியோ. எனக்கு 3.9. ஆக 856 × 3.9 × 2, கிட்டத்தட்ட 6,680 பல்ஸ். பட்டியலில் இதற்கு அருகில் இருந்த எண்ணுக்கு ஸ்விட்சை மாற்றினேன். ஊஞ்சல் நின்றது.

இன்னொன்று, வீலைத் தூக்கி வைத்துக்கொண்டு இன்ஜினை ஓடவிட்டு க்ரூஸை டெஸ்ட் செய்யவே கூடாது. லோடு இல்லாமல் வீல் பறக்கும். சென்சார் வேலை செய்கிறதா என்று பார்க்க மல்டிமீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் வைத்துக் கையால் வீலைச் சுற்றினால் போதும், முள்ளோ எண்ணோ அசையும்.

வயரிங்

கிட்டோடு வரும் படத்தைப் பார்த்தே செய்துவிடலாம். நான் வற்புறுத்துவது மூன்று. வயர் மேல் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்பைத் தூக்கி எறியுங்கள், ஆறு மாதத்தில் பச்சை பிடிக்கும். நல்ல கிரிம்பிங் பிளையர் வாங்கி லக் அடித்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். இரண்டாவது, இன்ஜின் ஆர்பிஎம் பார்க்கும் வயரைக் காயிலின் நெகட்டிவில் கட்டாயம் கொடுங்கள், கிளட்ச் பெடலுக்கும் ஸ்விட்ச் வையுங்கள். இது இல்லாமல் க்ரூஸில் இருக்கும்போது கிளட்சை மிதித்தால், வேகம் விழுகிறதே என்று யூனிட் த்ராட்டிலைத் திறக்கும், இன்ஜின் அலறும். மூன்றாவது, டேஷ்போர்டில் கைக்கு எட்டுகிற இடத்தில் மொத்தச் சப்ளையையும் துண்டிக்கிற தனி ஸ்விட்ச், ஃபியூஸோடு.

பிரேக் ஸ்விட்சை முதலிலேயே சரிபாருங்கள், பிரேக்கைத் தொட்டதும் க்ரூஸை விடுவிப்பது அதுதான். பெடலை விரலால் தொட்ட மாதிரி அமுக்கினாலே பின்னால் லைட் எரிய வேண்டும். பாதி மிதித்த பிறகு எரிந்தால் அட்ஜஸ்ட் செய்துவிட்டுத்தான் மற்ற வேலை.

பின்சேர்க்கை: செட்டே ஆகவில்லை என்றால்

இதைப் படித்துவிட்டு திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் எழுதினார். தன் பழைய ஃபியட்டில் இதே மாதிரி மாட்டியிருக்கிறார், எல்லாம் சரி, ஆனால் செட் பட்டனை அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை. நாலைந்து கடிதம் போய் வந்த பிறகு பிடிபட்டது. பிரேக் லைட்டுக்கு எல்இடி பல்பு போட்டிருந்தார். பிரேக் மிதிக்காதபோது, யூனிட்டின் ஒரு வயர் பல்பின் ஃபிலமெண்ட் வழியாக எர்த்தைத் தொட்டுப் பார்க்கும். எர்த் தெரிந்தால்தான் செட் ஆகும். எல்இடியில் அந்த வழி இல்லை. பல்பு ஃபியூஸ் போனாலும், பின் லைட்டின் எர்த் துருப்பிடித்தாலும் இதே கதைதான்.

ஐந்து பின் ரிலே வைத்துச் சமாளிக்கலாம் (எண்கள் ரிலேயின் பின்களுக்கு உள்ளவை): 30-ல் யூனிட்டின் அந்த வயர், 87ஏ-வில் எர்த், 87-ல் ஃபியூஸ் வழியாக 12 வோல்ட், 86-ல் பிரேக் லைட் வயர், 85-ல் எர்த். ஆனால் ரிலே காயில் போய்விட்டால், பிரேக் மிதித்த பிறகும் அந்த வயர் எர்த்திலேயே நிற்கும். அதனால் என் காரில் பழைய 21 வாட் குண்டு பல்பையே விட்டுவைத்திருக்கிறேன்.

இன்னொருவர் கொடைக்கானல் மலைப்பாதையில் பயன்படுத்தலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம். இது த்ராட்டிலை விடத்தான் செய்யும், பிரேக் போடாது. இறக்கத்தில் கார் தன்பாட்டுக்கு வேகம் எடுக்கும். மழையிலும், ஆடு மாடு குறுக்கே வரும் ரிங் ரோட்டிலும் நான் தொடுவதில்லை.

க்ரூஸ் கண்ட்ரோலைக் கண்டுபிடித்த ரால்ஃப் டீட்டர் சிறுவயதிலேயே பார்வை இழந்தவர், கார் ஓட்டாதவர். பேசிக்கொண்டே ஓட்டிய தன் வக்கீல் காரை இழுத்து இழுத்து விட்டதில் எரிச்சலாகித்தான் இதை யோசித்தார் என்பார்கள். 1958-ல் கிறைஸ்லர் இம்பீரியலில் வந்தது. போன வாரம் சாத்தூரில் காராச்சேவு வாங்க நிறுத்தியபோது இதை மாமாவிடம் சொன்னேன். "அந்த வக்கீல் மாதிரிதான் நீ மூணு வாரம் ஓட்டுன" என்று சொல்லிவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்.