ஷேவிங் சோப்பு காய்ச்சுகிறவர்களுக்கு: டப்பாவைக் காலி செய்கிறவரைப் பாருங்கள்

பிரஷ், சோப்பு, இரட்டை முனை பிளேடு என்று பழைய முறையில் சவரம் செய்கிறவர்களை நம்பிச் சிறுதொழில் தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது வாசனையைப் பற்றித்தான். நான் திருப்பிக் கேட்பது வேறு: உங்கள் டப்பா ஒன்று எத்தனை நாளைக்கு வரும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சவரத்துக்கு ஏறக்குறைய 1 கிராம் சோப்பு போதும். வழக்கமான டப்பாவில் 110 கிராமாவது இருக்கும். தினமும் மழிக்கிறவருக்கே மூன்று மாதம் தாண்டும். அலமாரியில் 20 டப்பா அடுக்கி வைத்திருப்பவருக்கு ஆறு வருஷத்துக்குச் சோப்பே தேவையில்லை. இந்தச் சந்தையின் சிக்கல் இதுதான். புது வாசனை வந்தால் வாங்கிச் சேர்ப்பவர்களை நம்பி மாதம் ஒன்று வெளியிட்டால், கொஞ்ச நாள் நன்றாக ஓடும். அப்புறம் அவர்கள் அலமாரி நிறைந்துவிடும். சோப்பில் குறை இருக்காது, ஆனாலும் ஆர்டர் நின்றுவிடும். அடிவரை வழித்துக் காலி செய்துவிட்டு ‘அதையே இன்னொன்று அனுப்புங்கள்’ என்று கேட்கிற ஆள்தான் தொழிலை நிலைக்க வைப்பார். மற்ற முடிவுகளை எல்லாம் அவரை மனதில் வைத்தே எடுங்கள்.

அவருக்கு முதலில் வேண்டியது மாறாத சோப்பு. எண்ணெய்ப் பங்கில் கிட்டத்தட்டப் பாதி ஸ்டியரிக் அமிலம், ஐந்தில் ஒரு பங்கு தேங்காய் எண்ணெய், மீதிக்கு ஷியா அல்லது கோகம் வெண்ணெயும் கொஞ்சம் ஆமணக்கெண்ணெயும். தேங்காய் எண்ணெய் கூடினால் நுரை பொங்கும், தோல் காயும். காரத்தில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 60, சோடியம் ஹைட்ராக்சைடு 40 என்று நான் வைக்கிறேன். பொட்டாசியம் சோப்பை இளக்கி நுரையைச் சீக்கிரம் எழுப்பும், சோடியம் கட்டியாக்கும். கடையில் வரும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பெரும்பாலும் 90 சதவீதத் தூய்மைதான், அதைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். ஸ்டியரிக் அமிலம் காரம் பட்ட மாத்திரத்தில் இறுகிவிடும். அதனால் சூடாக்காமல் கலந்து உறைய விடும் குளிர்முறை சரிப்படாது. சூட்டிலேயே வைத்துக் கிண்ட வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை இல்லாமல் காரத்தைத் தொடாதீர்கள். காரத்தைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைக் காரத்தில் ஊற்றக் கூடாது.

ஒவ்வொரு ஈட்டையும், அதாவது ஒரு தடவை காய்ச்சி எடுத்த சோப்பை, விற்குமுன் கடினநீரில் சோதியுங்கள். பலரும் விட்டுவிடுகிற வேலை இது. வாங்குகிறவர் வீட்டுக் குழாயில் என்ன தண்ணீர் வருகிறது என்று நமக்குத் தெரியாது. தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியாகிவிடும், நுரை எழும்பாது. நான் செய்வது இப்படி: ஈரப் பிரஷ்ஷை அரை நிமிடம் சோப்பில் சுழற்றுவேன். கிண்ணத்தில் போட்டு, சில சொட்டுகளாகத் தண்ணீர் சேர்த்துக்கொண்டே அடிப்பேன். குமிழ் கண்ணுக்குத் தெரியாமல் தயிர் மாதிரிப் பளபளப்பாக வந்ததும் பத்து நிமிடம் அப்படியே விட்டுவிடுவேன். திரும்பி வந்து பார்க்கும்போது ஓரம் காய்ந்திருந்தாலோ அடியில் நீர் பிரிந்திருந்தாலோ அந்த ஈடு வெளியே போகாது. கடினநீரில் தடுமாறினால் கொஞ்சம் சிட்ரிக் அமிலம் சேர்க்கலாம். அது காரத்தோடு சேர்ந்து சிட்ரேட்டாகி, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் 10 கிராம் சிட்ரிக் அமிலம் 6.2 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடைத் தின்றுவிடும், அந்த அளவைக் கூட்டிப் போடுங்கள்.

வாசனை நான்கைந்து போதும், ஒன்று வாசனையே இல்லாததாக இருக்கட்டும். லாவெண்டர், கூமரின் என்ற மணப்பொருள், ஓக் மரப்பாசி மூன்றும் சேர்ந்த ‘ஃபூஜேர்’ என்ற வாசனைக் கலவை, 1882-ல் ஹூபிகாந்த் என்ற பிரெஞ்சு வாசனைத் திரவிய நிறுவனத்தின் ‘ஃபூஜேர் ராயல்’ வந்தது முதல் சவரத்தோடு ஒட்டிக்கொண்ட மணம். அதை நன்றாகச் செய்தாலே பாதி வேலை முடிந்தது. வாசனைகள் குறைவாக இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. சட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது. 2022 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் லிலியால் என்ற மணப்பொருள் கூடாது. மரப்பாசியில் இருக்கும் அட்ரனாலுக்கும் அங்கே தடை. பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமை மணப்பொருள்களின் பட்டியலும் நீண்டுவிட்டது. 2026 ஜூலை 31 முதல் புதிதாக வருகிற பொருள்களின் லேபிள் அதன்படி இருக்க வேண்டும். பாதுகாப்பு அறிக்கையும் அங்கே ஒவ்வொரு சோப்புக் கலவைக்கும் தேவை. நாற்பது வாசனை வைத்திருப்பவர் இதற்கே அழிந்துபோவார். மணப்பொருள் விற்பவரிடம் ஐஎஃப்ஆர்ஏ (சர்வதேச மணப்பொருள் சங்கம்) விதிப்படியான சான்று வாங்காமல் ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள்.

வெளிநாட்டு ஆர்டரை மட்டும் நம்பி நிற்காதீர்கள். 800 டாலருக்குக் குறைந்த பார்சலுக்கு அமெரிக்கா தந்துவந்த சுங்கவரி விலக்கு 2025 ஆகஸ்ட் 29-ஓடு முடிந்தது. ஒரு டப்பா வாங்குகிறவருக்கும் இப்போது வரி வந்து சேரும். ஆஃப்டர்ஷேவில் ஆல்கஹால் இருப்பதால் விமானத்தில் அனுப்புவது தனித் தொல்லை. ஆல்கஹால் இல்லாத பால்ம் (சவரத்துக்குப் பின் தடவும் களிம்பு) செய்தால் அந்தத் தலைவலி இல்லை.

பிரஷ் கடைபவர்களுக்கும் ரேசர் செய்பவர்களுக்கும் நிலைமை இன்னும் கடினம், ஏனென்றால் நல்ல ரேசர் தேய்வதே இல்லை. அவர்கள் பழுதுபார்ப்பு, பிரஷ்ஷின் முடிக்கற்றை மாற்றுதல் என்று சேவையையும் சேர்த்து விற்க வேண்டும். உங்கள் சோப்போடு அவர்கள் பிரஷ்ஷைச் சேர்த்து ஒரு தொடக்கப் பெட்டி போட்டால் இருவருக்கும் புது ஆள் கிடைப்பார். அதில் நுரை எழுப்பும் முறையை எழுதி வையுங்கள். முதல் வாரத்தில் நுரை சரியாக வராதவர் கேன் நுரைக்கே திரும்பிவிடுவார், அதோடு நம் கைவிட்டுப் போனார்.

5 கிராம் மாதிரியை எப்போதும் விற்பனையில் வையுங்கள். நான்கைந்து சவரத்துக்கு வரும், பிடித்ததா என்று தெரிந்துவிடும். டப்பா இல்லாத வெறும் வில்லையையும் விலை குறைத்துக் கொடுங்கள், பழைய டப்பாவிலேயே போட்டுக்கொள்ளட்டும். ஒவ்வொரு டப்பாவிலும் ஈட்டு எண்ணைப் போடுங்கள். யார் எந்த வாசனையை இரண்டாம் முறை வாங்கினார் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஒரு வருஷம் கழித்து அதைப் புரட்டி, யாரும் திரும்பி வந்து கேட்காத வாசனையை நிறுத்திவிடுங்கள்.