கீமோ போகிற வீட்டுக்கு நாட்டு மருந்து வாங்குவது எப்படி

வீட்டில் ஒருவருக்கு கேன்சர் வைத்தியம் நடக்கிறது, கூடவே மூலிகை ஏதாவது கொடுக்கலாமா என்று எங்கள் கடைக்கு வருகிறீர்களா? வாட்ஸ்அப்பில் வந்த பட்டியல் வேண்டாம். ஆஸ்பத்திரி ஃபைலைக் கொண்டு வாருங்கள். ஈரோட்டில் அப்பாரு காலத்திலிருந்து நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறோம். எனக்குச் சரக்கு தெரியும், ஆனால் நான் டாக்டர் இல்லை. ஃபைலைப் பார்க்காமல் கேன்சர்காரர்களுக்கு ஒரு பொட்டலம்கூட மடிப்பதில்லை. "காசு குடுக்கறமில்லீங், அப்புறமென்ன?" என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு.

ஃபைலில் என்ன பார்ப்பது? எந்த மருந்து ஏறுகிறது, அடுத்த கீமோ என்றைக்கு, கிரியேட்டினினும் (சிறுநீரகத்துக்கான டெஸ்ட்) கல்லீரல் டெஸ்டும் எப்படி இருக்கின்றன, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் என்ன மாத்திரை. எல்லா மாத்திரை அட்டைகளையும் போனில் படம் எடுத்து வந்தால் இன்னும் நல்லது. ஒரே தெருவில் இரண்டு பேருக்கு மார்பகப் புற்று வரலாம். கட்டியை டெஸ்ட் செய்து பார்த்துவிட்டு ஒருவருக்கு தமாக்ஸிஃபென் மாத்திரை தருவார்கள், இன்னொருவருக்கு டிராஸ்டுசுமாப் ஊசி போடுவார்கள். ஆளுக்குத் தகுந்தபடி மருந்து மாறும்போது, அதோடு சேர்கிற மூலிகையையும் ஆளைப் பார்த்துத்தானே முடிவு செய்ய வேண்டும்? ஒறம்பரையில் (சொந்தபந்தத்தில்) ஒருவருக்கு ஒத்துக்கொண்டது என்பதெல்லாம் இங்கே கணக்கில் வராது.

முதலில் மஞ்சள். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஊர்ச் சரக்கு, அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. குழம்பிலும் ரசத்திலும் போடுகிற மஞ்சளுக்குப் பயப்படவே வேண்டாம். அதில் குர்குமின் என்ற சத்து நூற்றுக்கு மூன்று பங்கு போலத்தான் இருக்கும். வம்பு கேப்சூலில் இருக்கிறது. குர்குமினைத் தனியாகப் பிரித்து, உடம்பில் நன்றாக ஏறட்டும் என்று மிளகிலிருந்து எடுத்த பைப்பரினையும் சேர்த்து விற்கிறார்கள். அப்படிச் சேர்த்தால் குர்குமின் 20 மடங்கு ஏறுகிறது என்று 1998-இல் பெங்களூர் ஆய்வு ஒன்று சொன்னது. விளம்பரத்தில் அது வரும். கல்லீரலில் மற்ற மருந்துகளைக் கையாளுகிற என்சைம்களையும் பைப்பரின் தடுக்கும் என்பது வராது. தமாக்ஸிஃபென் மாத்திரை கல்லீரலில் எண்டாக்ஸிஃபென் என்ற பொருளாக மாறித்தான் வேலை செய்கிறது. நெதர்லாந்தில் செய்து 2019-இல் வெளிவந்த ஆய்வில், குர்குமின் சாப்பிட்ட நோயாளிகளின் ரத்தத்தில் எண்டாக்ஸிஃபென் குறைந்திருந்தது. பைப்பரினும் சேர்ந்தபோது இன்னும் குறைந்தது. அதனால் தமாக்ஸிஃபென் சாப்பிடுகிறவர் யாராவது கேப்சூல் கேட்டால், எங்கள் கடையில் கிடைக்காது.

அடுத்து நித்தியகல்யாணி. "கேன்சர் மருந்தே அதுலிருந்துதானுங்க வருது, பூவைக் கசாயம் வெச்சா என்ன?" என்று கேட்பார்கள். வருவது உண்மைதான். 1950-களில் கனடாவில் நோபிள், பியர் என்ற இருவர், சர்க்கரைக்கு உதவுமா என்று பார்க்க அதன் சாற்றை எலிகளுக்குக் கொடுத்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளணுக்கள் இறங்கின. அங்கே ஆரம்பித்துத்தான் வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் ஊசிகள் வந்தன. வின்கிறிஸ்டினை உடம்பின் பரப்பளவைக் கணக்குப் பண்ணி, மில்லிகிராம் அளவில் ஏற்றுகிறார்கள். வீட்டுக் கசாயத்தில் எந்த வேதிப்பொருள் எவ்வளவு இறங்கியது என்று யாரால் சொல்ல முடியும்? ஏற்கெனவே கீமோவில் வெள்ளணு குறைந்து கிடக்கிறவருக்கு அது கொஞ்சமும் வேண்டாம்.

வெள்ளணு என்றதும் நாள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பல கீமோ மருந்துகளுக்கு, ஊசி போட்ட 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை எதிர்ப்புச் சக்தி அடிமட்டத்தில் இருக்கும். அந்த நாட்களில் அருகம்புல் சாறு, கோதுமைப்புல் சாறு, பச்சையாக அரைத்த கற்றாழை எதுவும் வேண்டாம். வெயிலில் உலர்த்தி அரைத்த பொடியிலும் பூஞ்சை இருக்கும். சரக்கு காய்கிற களத்தை நேரில் பார்த்தவன் சொல்கிறேன். நன்றாக வெந்த அரிசியும் பருப்பும் சாதம் சூடாகக் கொடுங்கள், அதுவே பெரிய காரியம்.

அதிமதுரம் பொட்டாசியத்தைக் குறைத்து பிரஷரை ஏற்றும். சிஸ்பிளாட்டின் ஏறுகிறவருக்கு அந்த மருந்தே பொட்டாசியத்தை இழக்க வைப்பதால் கூடவே கூடாது. சீந்திலும் அமுக்கராவும் சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கின்றன. சேராங்கொட்டையை நான் கேன்சர்காரர் வீட்டுக்கு விற்பதே இல்லை.

கொடுக்கிறது என்றால், குமட்டலுக்குச் சுக்கு. அதுவும் சமையல் அளவில், தட்டணு (ரத்தத்தை உறைய வைக்கிற அணு) குறையவில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு. வாய்ப்புண்ணுக்கு என் கடைச் சரக்கே வேண்டாம்: ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, அதில் பாதி உப்பு, கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கிற இடத்தில் மஞ்சளோ கற்றாழையோ கேட்காமல் பூச வேண்டாம்.

கொல்லிமலைப் பொடி, சாமியார் பொடி என்று பெயரில்லாமல் வருகிற டப்பாக்கள் தனிக் கதை. சாப்பிட்ட கொஞ்ச நாளில் பசி எடுக்கும், வலி குறையும், முகம் உப்பும். ஸ்டீராய்டு கலந்திருந்தால் அப்படித்தான் இருக்கும். டப்பாவில் உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள். சித்த மருந்துதான் வேண்டும் என்றால் பிஎஸ்எம்எஸ் என்கிற சித்த மருத்துவப் பட்டம் படித்தவரிடம் அதே ஃபைலோடு போங்கள். ஆங்கில மருந்தை நிறுத்தச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு என்று யேல் பல்கலைக்கழக ஆய்வு 2018-இல் சொன்னது.

கேன்சர் டாக்டரிடம் மறைப்பதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. திட்டுவார் என்ற பயம். "டாக்டர், சுக்குத் தண்ணி தினம் ஒரு டம்ளர் குடுக்கறோமுங்க, தொடரலாமுங்களா?" என்று பெயரும் அளவும் சொல்லிக் கேளுங்கள். மொட்டையாக "நாட்டு மருந்து குடுக்கலாமா" என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வார், நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன். ஆபரேஷன் என்றால் 2 வாரத்துக்கு முன்பே மூலிகைகளை நிறுத்திவிட்டு அதையும் சொல்லிவிடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு சரக்குதான். நான்கைந்தைச் சேர்த்துக் கொடுத்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பிடிக்க முடியாது. பொட்டலத்தின் மேல் பெயரையும் தேதியையும் எழுதச் சொல்லி வாங்குங்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுப்பாகப் போவது, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொடுவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் கிளம்புங்கள். அந்தப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.