வாத்துக்குத் தொண்டை அடைத்தால் செய்யக் கூடாதவை

பிசானப் பருவ நெல் அறுப்பு முடிந்ததும் தாமிரபரணிப் பாசன வயல்களில் வாத்துப் பட்டி வந்து இறங்கும். அதை மேய்க்கிறவர்களிடம் ஒன்றிரண்டு குஞ்சு கேட்டு வாங்கி, வீட்டு முற்றத்தில் விட்டு வளர்க்கிற பிள்ளைகள் நம் பக்கம் நிறைய. ஆட்டுக்கு வயிறு ஊதினால் என்ன செய்ய வேண்டும் என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். வாத்துக்குத் தொண்டையில் ஏதாவது சிக்கினால்தான் ஆளாளுக்கு ஒரு வைத்தியம். அதில் சிலது அதன் உயிருக்கே உலை வைத்துவிடும்.

வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றுவதுதான் அதில் பெரிய தவறு. வாத்தின் அலகைத் திறந்து, நாக்கு முடிகிற இடத்தைப் பாருங்கள். அங்கே ஒரு சின்னப் பிளவு மூடி மூடித் திறந்துகொண்டிருக்கும். மூச்சுக்குழலின் வாசல் அதுதான். மனிதர்களுக்கு விழுங்கும்போது மூச்சுக்குழலை மறைக்க ஒரு மூடி உண்டு. பறவைகளுக்கு அது கிடையாது. பயந்துபோய்த் திணறுகிற வாத்துக்கு அந்தப் பிளவு அடிக்கடி திறக்கும். அந்த நேரம் பார்த்துச் சங்கில் தண்ணீர் புகட்டினால் நேராக நுரையீரலுக்குப் போகும். அடைப்போடு தப்பித்திருக்க வேண்டிய வாத்து, தண்ணீரால் செத்துப்போகும். எண்ணெய் இன்னும் மோசம். தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ நுரையீரலில் இறங்கினால் வெளியே வராது. அன்றைக்குத் தெளிந்த மாதிரி இருக்கும். அப்புறம் சளி கட்டி, தீனி எடுக்காமல் ஒடுங்கிவிடும்.

நமக்கு மீன் முள் சிக்கினால் சோற்றை உருட்டி விழுங்குவோம் இல்லையா, அதையே வாத்துக்கும் செய்து பார்க்கிறார்கள். வேண்டாம். ஏற்கெனவே அடைத்த குழலில் மேலும் ஒரு கட்டி சேரும், அவ்வளவுதான். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டுத் தட்டுவதும் கூடாது. கழுத்தில் தேங்கிய தீனித்தண்ணீர் வாய்க்கு வரும்போது மூச்சுக்குழலுக்குள் புகுந்துவிடும். இன்னொன்று, வாத்துக்கு உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு ஏறி இறங்கினால்தான் அதனால் மூச்சு விட முடியும். துள்ளுகிறதே என்று நெஞ்சை இறுக்கிப் பிடித்தால் பிடித்த கையே மூச்சை நிறுத்திவிடும்.

சரி, என்னதான் செய்வது? முதலில் ஒரு நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். காய்ந்த தீனியை அவக் அவக்கென்று விழுங்கிவிட்டு, கழுத்தை நீட்டித் தலையை உதறித் தண்ணீருக்கு ஓடுவது வாத்தின் வழக்கம். குனிந்து அள்ளிக் குடித்ததும் இறங்கிவிடும். தலை முங்குகிற ஆழத்துக்குத் தண்ணீரை முன்னால் வைத்துவிட்டு விலகிவிடுங்கள். அதுவாகக் குடிக்கிற தண்ணீரால் ஆபத்தில்லை.

வாயைத் திறந்தபடி மூச்சு வாங்குகிறது, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்குகிறது, நாக்கு நீலம் பாய்கிறது என்றால் மட்டும் உடனே தூக்குங்கள். துண்டில் இறக்கையோடு சேர்த்துத் தளர்வாகச் சுற்றி, நிமிர்ந்த நிலையில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் செல்போன் வெளிச்சத்தில் வாய்க்குள் பார்க்கட்டும். கண்ணுக்குத் தெரிகிற, எளிதில் வருகிற பொருளை மழுங்கிய இடுக்கியால் எடுக்கலாம். தெரியவில்லை என்றால் விரலை விட்டுத் துழாவ வேண்டாம். இருப்பது இன்னும் உள்ளே போகும்.

நூல் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மேலப்பாளையம், முக்கூடல் பக்கமெல்லாம் பீடி சுற்றாத தெரு குறைவு. பீடித்தட்டிலிருந்து விழுந்த நூல் துண்டு முற்றத்தில் கிடக்கும்; புழு என்று நினைத்து வாத்து கொத்திவிடும். ஒரு முனை நாக்கின் அடியில் சுற்றிக்கொள்ளும், மறு முனை உணவுக்குழலுக்குள் இறங்கிவிடும். வாயோரம் தொங்குகிற நூலைப் பார்த்ததும் யாருக்கும் இழுக்கத்தான் தோன்றும். இழுத்தால் நூல் உள்ளே சதையை அறுக்கும். குளத்தங்கரையில் மேய்ந்து தூண்டில் முள்ளோடு தங்கூசி நரம்பை விழுங்கியிருந்தால், இழுக்க இழுக்க முள் ஆழமாக ஏறும். ஒட்ட நறுக்கவும் கூடாது. மிச்சம் உள்ளே போய்விட்டால் மருத்துவருக்குப் பிடிமானமே இருக்காது. தொங்குவதை அப்படியே விட்டு, வேறெதிலும் மாட்டாமல் பார்த்துக்கொண்டு கொண்டுபோங்கள். பீடித்தூளும் வாத்துக்கு விஷம், தட்டை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

வாய் திறந்திருந்தாலே அடைப்பு என்று முடிவுகட்டுவதும் தவறு. அக்னி நட்சத்திர வெயிலில் நல்ல வாத்தும் வாயைத் திறந்துதான் இளைக்கும். நிழலும் தண்ணீரும் கிடைத்தால் அடங்கும். கோடையில் வற்றிய குளத்தில் செத்த மீனையும் புழுவையும் தின்ற வாத்துக்குக் கழுத்து துவண்டு தொங்கினால், அது நச்சு ஏறிய அடையாளம். தொண்டையைத் தடவிக்கொண்டு நேரத்தைக் கழிக்கக் கூடாது.

மூச்சுச் சிரமம் இல்லாமல் கழுத்தடியில் மட்டும் வீக்கமா? கோழிக்கு உள்ளது போன்ற தனித் தீனிப்பை வாத்துக்குக் கிடையாது. உணவுக்குழலின் கீழ்ப்பகுதியே விரிந்து தீனியை வைத்துக்கொள்ளும். சாயங்காலம் அங்கே புடைப்பாக இருப்பது இயல்பு. காலையில் தீனி வைக்கும் முன் தொட்டுப் பாருங்கள். அப்போதும் கட்டியாகவோ, பிசைந்த மாவு மாதிரியோ இருந்தால் உள்ளே நீளமான புல்லோ தேங்காய்த் தும்போ சிக்கியிருக்கலாம். அதைப் பிதுக்கி வாய் வழியே எடுக்கப் பார்க்காதீர்கள். அது மருத்துவர் பார்க்க வேண்டியது.

நெல்லையில் இருக்கிறவர்களுக்கு அந்த விஷயத்தில் குறையில்லை. இராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வண்டி வசதி இல்லாதவர்கள் 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம். காலைக் கட்டிப் பையில் திணித்து பைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போகாதீர்கள். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி போதும். என்ன விழுங்கியது என்று தெரிந்தால் அதே மாதிரி ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். வீட்டில் மிச்சமிருக்கிற மாத்திரையைக் கரைத்துக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்.

தீனியில் கவனமாக இருந்தால் இந்த அலைச்சலில் பெரும்பகுதி மிச்சம். தவிட்டையும் குருணையையும் நனைத்தே வையுங்கள். நம் ஊர் வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும் என்பதால், தின்றது போக மிச்சத்தை எடுத்துவிடுங்கள். கீரையையும் புல்லையும் பொடியாக நறுக்கிப் போடுங்கள். கொஞ்சம் ஆற்று மணலும் எட்டும்படி இருக்கட்டும், தீனி அரைபட அது வேண்டும். மீந்துபோன புரோட்டாவைப் பிய்த்து வீசும் பழக்கத்தை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லி நிறுத்திவிடுங்கள். மைதா நனைந்ததும் பசையாகிக் கழுத்தடியில் திரண்டு நின்றுவிடும்.